திறவாத கதவு

கதை எழுதுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. முதல் அத்தியாயத்தில் திருவிழாக் கூட்டத்தில் ஒரு குழந்தையைத் தொலைத்துவிட்டு, கடைசி அத்தியாயத்தில் அதைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடலாம். நடுவில் இருபது வருஷம் ஓடியிருக்கும். குழந்தை வாலிபனாகி, சொந்தத் தகப்பனாரோடேயே வழக்காடிக் கொண்டிருக்கும். அதனால் என்ன? முதுகில் ஒரு மச்சம், கழுத்தில் பழைய தாயத்து, தாயார் எப்பொழுதோ பாடிய ஒரு தாலாட்டு, இவற்றில் ஏதாவது ஒன்று தக்க சமயத்தில் வந்து காரியத்தை முடித்துவிடும். வாசகர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை மூடுவார்கள். சினிமாவிலும் இதே கதைதான். அங்கே தாலாட்டோடு வாத்திய கோஷ்டியும் சேர்ந்துகொள்ளும்.

இந்த முடிவை மாற்ற எந்தக் கதாசிரியனுக்கும் எளிதில் துணிவு வருவதில்லை. குழந்தை கிடைக்கவே இல்லை என்று எழுதி 'முற்றும்' போட்டுப் பாருங்கள். 'அந்தக் குழந்தை என்னதான் ஆயிற்று?' என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் காகிதத்தில் பிறந்த குழந்தைக்காக இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிற நாம், உண்மையாகவே தொலைந்துபோன குழந்தைகளைப் பற்றி அதே கேள்வியை எத்தனை நாள் கேட்கிறோம்?

2011-ஆம் ஆண்டில் சென்னையில் வீட்டு வாசலில் விளையாடிக் கொண்டிருந்த இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று காணாமற் போயிற்று. பெற்றோர் தேடினார்கள்; போலீஸில் புகார் கொடுத்தார்கள்; போகாத இடமெல்லாம் போனார்கள். 2022-இல், கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லிப் போலீசார் வழக்கை முடித்துவிட்டார்கள். பெற்றோர் அதோடு விடவில்லை. கோர்ட்டுக்குப் போனார்கள். விசாரணை மறுபடியும் தொடங்கியது. இப்பொழுது செயற்கை நுண்ணறிவு என்று ஒன்று வந்திருக்கிறதல்லவா? அதன் உதவியால், இரண்டு வயதில் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு, அந்தப் பெண் பதினான்கு வயதில் எப்படி இருப்பாள் என்று ஒரு படம் உண்டாக்கினார்கள். அந்தப் படத்தைக் கையில் வாங்கும்போது ஒரு தாயின் மனம் என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள். எண்ணெய் தேய்த்து, தலை பின்னி, பள்ளிக்கு அனுப்பி, அவள் வளர்த்திருக்க வேண்டிய பன்னிரண்டு வருஷங்களை ஒரு யந்திரம் ஒரே நிமிஷத்தில் வரைந்து கொடுக்கிறது. அந்த முகம் மகளுடையதாகவும் இருக்கலாம். யாருடையதாகவும் இல்லாமலும் இருக்கலாம்.

இத்தகைய பெற்றோருக்கு என்ன செய்தால் நியாயம் செய்ததாகும்? பத்துப் பேரிடம் கேட்டால் பெரும்பாலும் மூன்று விடைகள் வரும். குழந்தை திரும்பி வர வேண்டும் என்பார்கள் சிலர். தூக்கிக்கொண்டு போனவனைப் பிடித்துத் தண்டிக்க வேண்டும் என்பார்கள் சிலர். என்ன நடந்தது என்றாவது தெரிய வேண்டும் என்பார்கள் இன்னும் சிலர். மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத் தோன்றும். உண்மையில் மூன்றும் வேறு வேறு. ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காமல் போவதுண்டு. ஒன்றுக்கொன்று விரோதமாக நிற்பதும் உண்டு. இவற்றில் எது நம் சக்திக்கு அப்பாற்பட்டது, எதை நாம் கொடுத்தே தீர வேண்டும் என்று பிரித்துப் பார்ப்பது நல்லது.

இதற்குத் துணையாக நம்மிடமே ஒரு பழைய வழக்கு இருக்கிறது. விருதுநகரிலிருந்து சிவகாசிக்கு ரயிலில் போகிறவர்கள், சிவகாசிக்கு முந்திய நிலையமாகத் திருத்தங்கலைப் பார்த்திருப்பார்கள். ஊரில் ஒரு குன்று. அதன்மேல் நின்ற நாராயணப் பெருமாள் கோயில். நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று. அதே குன்றில் கருநெல்லிநாதர் என்ற பெயரோடு சிவபெருமானும் இருக்கிறார். கீழே தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் அச்சுத் தொழிலும் நடக்கின்றன. 2021-இல் இந்த ஊர் சிவகாசி மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஆனால் காலண்டரும் மத்தாப்பும் தோன்றுவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த ஊர் இலக்கியத்தில் இடம் பிடித்துவிட்டது. சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில், தங்கால் என்ற பழைய பெயரோடு, ஒரு குழந்தையையும் ஒரு தாயையும் ஒரு கதவையும் பற்றிய கதையில் இது வருகிறது.

சோழ நாட்டைச் சேர்ந்த பராசரன் என்ற அந்தணன் சேர மன்னனிடம் போய், வாதில் வென்று, பரிசு பெற்றுத் திரும்பிக் கொண்டிருந்தான். வழியில் தங்காலில் அரச மரத்தடி மன்றத்தில் தங்கினான். கைத்தடி, கமண்டலம், குடை, செருப்பு, ஒரு சிறு மூட்டை, இவ்வளவுதான் அவன் உடைமை. விளையாடிக் கொண்டிருந்த பிள்ளைகள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். என்னோடு சேர்ந்து வேதம் சொல்லக் கூடியவர்கள் இந்த மூட்டையை எடுத்துக்கொள்ளலாம் என்றான் பராசரன். வார்த்திகன் என்பவனுடைய மகன் ஆலமர்செல்வனின் பெயரைக் கொண்டவன். இன்னும் பால் மணம் மாறாத சிறுவன். அவன் மழலை நாவினாலேயே பிழையில்லாமல் சொல்லிவிட்டான். மகிழ்ந்துபோன பராசரன் அவனுக்கு முத்துப் பூணூலும் கடகமும் தோடும் மூட்டையும் கொடுத்துவிட்டுத் தன் வழியே போனான்.

குழந்தையின் மேல் நகை மின்னியது, அரசனுடைய ஏவலர் சிலரின் கண்ணை உறுத்தியது. அரசனுக்குச் சேர வேண்டிய புதையலை வார்த்திகன் எடுத்துக்கொண்டான் என்று சொல்லி அவனைச் சிறையில் அடைத்தார்கள். வார்த்திகனுடைய மனைவி கார்த்திகை அழுதாள், தரையில் விழுந்து புரண்டாள், சினந்தாள். அவள் அரண்மனை வாசலுக்குப் போனதாகவோ, மனுக் கொடுத்ததாகவோ கதையில் இல்லை. ஆனால் கொற்றவை கோயிலின் கதவு மூடிக்கொண்டது, திறக்க மறுத்தது. செய்தி பாண்டியனுக்கு எட்டியது. என் ஆட்சியில் எங்கேயோ முறை தவறியிருக்கிறது, அது என்ன என்று அவன் விசாரித்தான். உண்மை வெளிவந்தது. அறியாத ஏவலரால் நேர்ந்த பிழையைப் பொறுக்க வேண்டும் என்று கேட்டு, திருத்தங்காலையும் வயலூரையும் வார்த்திகனுக்குக் கொடுத்து, அவன் முன்னால் தரையில் விழுந்து வணங்கினான். கதவு திறந்தது. அந்த ஓசை மதுரையின் நீண்ட தெருக்களெல்லாம் கேட்டதாம். அத்தோடு நிற்கவில்லை. சிறைக்கூடங்களைத் திறந்துவிடச் சொன்னான். புதைத்து வைத்த பொருளாயினும் கண்டெடுத்த பொருளாயினும் அது பெற்றவருக்கே உரியது என்று யானைமேல் முரசறைந்து அறிவித்தான்.

இந்தக் கதையில் தொலைந்தது குழந்தை இல்லை, குழந்தையின் தகப்பன். ஆனால் ஒரு வீட்டில் ஒருவர் இல்லாமற்போன பிறகு அந்த வீட்டுக்கும் ஆட்சிக்கும் நடுவே என்ன நடக்க வேண்டும் என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன வேறு கதையை நான் அறியேன். கதவு தானாக மூடிக்கொள்ளுமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அது அற்புதமாக இருக்கலாம். கவியின் கற்பனையாகவும் இருக்கலாம். எனக்கு அற்புதமாகத் தோன்றுவது அடுத்த காரியம். கதவு திறக்கவில்லை என்றதும் அரசன் தச்சனைக் கூப்பிடவில்லை. தாழ்ப்பாளைப் பெயர்த்துவிட்டு மறுநாள் பூஜையை ஒழுங்காக நடத்தச் சொல்லவில்லை. ஏதோ ஓர் ஊரில், பெயர் தெரியாத ஒருத்தியின் அழுகைக்கும் தன் தலைநகரத்து வாழ்வுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று அவன் நம்பினான். அந்த அழுகை ஓயும்வரை எல்லாம் வழக்கம்போல நடக்கக் கூடாது என்று ஒப்புக்கொண்டான்.

நம் காலத்துக் கதவுகள் அப்படி மூடிக்கொள்வதில்லை. ஒரு குழந்தை காணாமற் போனால் இரண்டு நாள் தெரு கலங்குகிறது. பத்திரிகையில் படம் வருகிறது. மூன்றாம் நாள் பால்காரன் வருகிறான். பள்ளிக்கூட மணி அடிக்கிறது. எல்லாக் கதவுகளும் திறந்துகொள்கின்றன. ஒரு வீட்டுக் கதவு மட்டும், குழந்தை எந்த நேரமும் வந்துவிடலாம் என்று, இரவிலும் தாழிடாமல் கிடக்கிறது.

இனி அந்த மூன்று விடைகளுக்கு வருவோம். தண்டனையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் ஊர் முதலில் கேட்பது அதைத்தான்.

இளங்கோவடிகள் திருத்தங்கால் கதையை எங்கே வைத்தார் என்பது கவனிக்கத் தக்கது. மதுரை எரிந்த பிறகு, மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் வந்து, பாண்டியர் குலம் நீதி தவறாத குலம் என்பதற்குச் சான்றாக இதைச் சொல்கிறது. யாரிடம் சொல்கிறது? விசாரணை இல்லாமல் கணவனைக் கொலைக்குக் கொடுத்தவளிடம்! அரசியின் சிலம்பு காணவில்லை, கள்வன் ஒருவன் தேவைப்பட்டான், பொற்கொல்லன் ஒருவனைக் காட்டினான், வழக்கு முடிந்தது. ஒரு பாண்டியன் கதவு மூடியதற்குக் காரணம் கேட்டான். அதே குலத்தில் வந்த மற்றொருவன் உயிரை எடுப்பதற்கு முன்னால்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. இரண்டு கதைகளையும் அருகருகே நிறுத்தியதில்தான் அடிகளின் நீதி இருக்கிறது. கேட்காமல் இருப்பதும் அநீதி. கேட்காமல் முடித்துவிடுவதும் அநீதி.

தில்லியை அடுத்த நொய்டாவில் நிதாரி என்று ஓர் இடம். 2005-லும் 2006-லும் அங்கே ஏழைக் குடும்பங்களின் குழந்தைகள் ஒருவர் பின் ஒருவராகக் காணாமற் போனார்கள். பெற்றோர் புகாரைப் போலீசார் சரியாகக் காதில் வாங்கவில்லை என்பது அப்பொழுதே எழுந்த குற்றச்சாட்டு. 2006 டிசம்பர் இறுதியில் ஒரு வீட்டை ஒட்டிய சாக்கடையில் எலும்புகள் கிடைத்தன. நாடு கொதித்தது. வீட்டுக்காரரும் வேலைக்காரரும் பிடிபட்டார்கள்; மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு நடந்தது என்ன? 2023 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம், புலனாய்வு நடந்த முறையைக் கடுமையாகக் கண்டித்து, மேல்முறையீட்டுக்கு வந்த வழக்குகளில் இருவரையும் விடுதலை செய்தது. 2025-இல் சுப்ரீம் கோர்ட்டு அதை உறுதி செய்தது. மிஞ்சியிருந்த கடைசித் தண்டனையையும் அந்த ஆண்டு நவம்பரில் ரத்து செய்தது. பத்தொன்பது வருஷம் கழித்து, குழந்தைகளைக் கொன்றது யார் என்ற கேள்வி மறுபடியும் பெற்றோரின் மடியில் வந்து விழுந்தது.

இந்த ஒரே விவகாரத்தில் இரண்டு குற்றங்களும் இருக்கின்றன. முதலில், கேட்க வேண்டிய நாளில் கேட்கவில்லை. பிறகு, ஊர் கேட்ட வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டியிருந்தபோது, நிலைக்கும்படியாகக் கேட்கவில்லை. தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குற்றவாளி அகப்பட்டால் தண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் தண்டனை, உண்மையின் நிழலாக வர வேண்டியது. நிழலை முதலில் பிடிக்க ஓடினால் உண்மையும் கிடைக்காது, நிழலும் நிற்காது. துக்கப்படுகிறவர்களுக்கு நாம் ஒரு குற்றவாளியைக் கடன்பட்டிருக்கவில்லை. குற்றவாளி யார் என்ற விடையைக் கடன்பட்டிருக்கிறோம். அவசரத்தில் முதலாவதைக் கொடுத்துவிட்டால் இரண்டாவதை என்றைக்குமே கொடுக்க முடியாமற் போகலாம்.

அடுத்தது, குழந்தை திரும்பி வருவது. இதில் என்ன சிக்கல் இருக்க முடியும் என்று தோன்றும். கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதானே கதைகள் நமக்குச் சொல்லித் தந்திருக்கின்றன?

1999-இல் சென்னை புளியந்தோப்பில், இரவில் பெற்றோர் அருகே தூங்கிக் கொண்டிருந்த ஓர் ஆண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். 2005-இல் போலீசார் குழந்தை திருடும் கூட்டம் ஒன்றைப் பிடித்தபோது, திருடிய குழந்தைகள் ஒரு தத்து நிறுவனத்தின் வழியாக வெளிநாடுகளுக்குப் போயிருப்பதாகத் தெரிந்தது. இந்தக் குழந்தை போன இடம் நெதர்லாந்து என்று பெற்றோர் அறிந்தார்கள். அந்த நாட்டு நீதிமன்றத்தின் படியேறி, பையனுக்கு மரபணுச் சோதனை செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். 2010-இல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. பையனுக்கு அப்பொழுது பன்னிரண்டு வயது இருக்கும். வேறு மொழி பேசி, வேறு பெயரில், வேறு இருவரை அப்பா அம்மா என்று அழைத்து வளர்ந்தவன். அவன் நலனைப் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

இந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது முதலில் கோபம் வருகிறது. பிறகு தயக்கம் வருகிறது. அந்தப் பையனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து புளியந்தோப்பில் விட்டால், அவனுக்கு அது இரண்டாவது திருட்டாக இருக்காதா? அவனுக்குத் தெரிந்த ஒரே தாயிடமிருந்து அவனைப் பிரிப்பதாகாதா? குழந்தை, திருட்டுப்போன பண்டம் அன்று. கண்டுபிடித்ததும் உடையவரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வதற்கு. அது இல்லாத வருஷங்களில் அதுவும் ஓர் ஆளாக வளர்ந்துவிடுகிறது. ஆகவே, திரும்பி வருவதையே நியாயம் என்று வைத்துக்கொண்டால், சில சமயம் பெற்றோருக்குச் செய்யும் நியாயம் பிள்ளைக்கு அநியாயமாக முடியும்.

ஆனால் அவனை ஒப்படைக்க மறுப்பதற்குச் சொல்லக்கூடிய காரணம், உண்மையை அறிய மறுப்பதற்கும் காரணமாகுமா? அந்தப் பெற்றோர் அன்று கேட்டது சோதனை. இவன் எங்கள் மகன்தானா என்ற ஒரு சொல். அந்தச் சொல் அவனுக்கும் சொந்தம். தான் பிறந்த கதை தெரியாமல் வாழும்படி ஒருவனை அவனுடைய நன்மைக்காகவே வைத்திருக்கலாம் என்பதை என் மனம் ஏற்கவில்லை. எப்பொழுது, யார், எவ்வளவு மெதுவாகச் சொல்வது என்பதில் யோசனை வேண்டும். சொல்லாமலே விடுவதில் நியாயம் இல்லை. அதே நெதர்லாந்து, வெளிநாட்டுத் தத்துகளில் நடந்த முறைகேடுகளை ஒரு குழு ஆராய்ந்து சொன்ன பிறகு, 2021 பிப்ரவரியில் வெளிநாட்டுத் தத்தையே நிறுத்தி வைத்தது.

உண்மையை மட்டும் கேட்டு நின்றவர்கள் உலகத்தில் உண்டு. அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சியின்போது சிறைப்பட்ட பெண்களின் குழந்தைகளைப் பறித்து வேறு குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் குழந்தைகளின் பாட்டிமார்கள் 1977-இல் ஒன்று சேர்ந்தார்கள். விஞ்ஞானிகளிடம் போய், பெற்றோர் உயிரோடு இல்லாதபோது பாட்டியின் ரத்தத்தைக் கொண்டு பேரனை அறிய முடியுமா என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதால் அதற்கு வழி பிறந்தது. 1987-இல் சட்டம் செய்து மரபணு வங்கி ஒன்றும் அமைத்தார்கள். இதுவரை 130-க்கு மேற்பட்ட பேரப் பிள்ளைகள் தாங்கள் யார் என்று அறிந்திருக்கிறார்கள். அவர்களிற் பலர் நடுவயதைத் தொட்டவர்கள். யாரையும் தொட்டிலுக்குத் திரும்பக் கொண்டுபோக முடியவில்லை. ஆனால் கேள்விக்கு விடை கிடைத்தது.

ஆக, குழந்தை கிடைப்பது மனிதர் கையில் மட்டும் இல்லை. தண்டனை, உண்மை தெரிந்த பிறகே நியாயமாகும். மூன்றாவதாக நிற்பது உண்மை. அதுவும் கிடைக்காமற் போகலாம். எவ்வளவு தேடினாலும் துலங்காத வழக்குகள் உண்டு. அப்படியானால் நாம் கட்டாயம் தர வேண்டியதாக மிஞ்சுவது என்ன? தேடுவதுதான். கேள்வியை மூடாமல் வைத்திருப்பதுதான்.

இங்கே ஒரு நல்ல மறுப்பு இருக்கிறது. அதை அலட்சியப்படுத்தக் கூடாது. 'எத்தனை நாள் தேடுவது? போலீசாருக்கு வேறு வேலை இல்லையா? நம்பிக்கையை அணையாமல் வைத்திருப்பதே பெற்றோருக்குச் செய்யும் கொடுமை அல்லவா? காலம் ஆற்றட்டும், மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு அவர்கள் வாழட்டும்' என்று அன்புள்ளவர்களே சொல்கிறார்கள்.

சட்டமும் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள் ஏழு ஆண்டுகளாக ஒன்றும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும். 1872-இன் சாட்சியச் சட்டம் சொன்னது இது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் இதையே சொல்கிறது. சொத்து, மறுமணம், வாரிசு உரிமை போன்றவற்றுக்கு இப்படி ஒரு விதி தேவைதான். கப்பலேறிப் போன புருஷன் ஏழு வருஷம் ஒரு கடிதம் போடவில்லை என்றால் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. ஆனால் இரண்டு வயதுக் குழந்தை எங்கிருந்து கடிதம் போடும்? தன் ஊர்ப் பெயர் அதற்குத் தெரியாது. அம்மாவின் பெயர் 'அம்மா' என்பதுதான் அதற்குத் தெரிந்த விலாசம். பெரியவரின் மௌனம் எதையாவது சொல்லும். குழந்தையின் மௌனம் ஒன்றையும் சொல்லாது. அது பேசாது என்பதனாலேயே நாம் அதற்காகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

இலங்கையில் கிளிநொச்சியில், போரின்போதும் போர் முடிந்த நாட்களிலும் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மார்கள், 2017 பிப்ரவரியில் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். பிள்ளைகளின் படங்களை ஏந்தி உட்கார்ந்தார்கள். இறப்புச் சான்றிதழும் இழப்பீட்டுப் பணமும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. என் பிள்ளையை உங்களிடம் ஒப்படைத்தேன், அவன் எங்கே என்பதே அவர்கள் கேள்வி. விடை தெரியாமலே அந்தத் தாய்மார்களில் பலர் இறந்துபோனார்கள். அவர்களிடம் போய், மறந்துவிடுங்கள் அம்மா என்று சொல்ல எனக்கு நா எழாது.

மறுப்புக்கு என் விடை இதுதான். மறப்பதற்கும் ஆறுதல் கொள்வதற்கும் ஒரு தாய்க்கு உரிமை உண்டு. ஒரு நாள் அவள் அந்தச் சின்னச் சட்டையை எடுத்து வேறொரு குழந்தைக்குக் கொடுத்துவிட்டால், அவளைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. ஆனால் அந்த உரிமை அவளுடையது. அரசாங்கத்துக்கும் ஊருக்கும் அந்த உரிமை கிடையாது. அவள் களைத்துப் போகலாம்; கோப்புக் களைத்துப் போகக் கூடாது. தேடும் சுமையை நாம் உண்மையாக ஏற்றுக்கொண்டால்தான் அவளால் அதை இறக்கி வைக்க முடியும். நாம் கோப்பை மூடும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சுமை முழுவதும் அவள் தலையிலேயே மறுபடி ஏறுகிறது. ஆகவே, அவளுக்கு இளைப்பாறுதல் தருவதும் தேடுவதை நிறுத்துவதும் ஒன்றல்ல. தேடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அவள் இரவில் கண்ணை மூடுவாள்.

இதெல்லாம் ஆகாசத்தில் நிற்கும் தத்துவம் இல்லை. 2013 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு, பச்பன் பச்சாவோ ஆந்தோலன் என்ற இயக்கம் தொடுத்த வழக்கில், காணாமற்போன குழந்தை பற்றி எந்தப் புகார் வந்தாலும் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று உத்தரவிட்டது. வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை அதைக் கடத்தல் என்றே கொண்டு விசாரிக்க வேண்டும் என்றும் சொன்னது. நான்கு மாதத்துக்குள் குழந்தை கிடைக்காவிட்டால், ஆட்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு விசாரணை போக வேண்டும் என்பதும் விதி. இந்த விதிகளின் பொருள் என்ன? 'எங்கேயாவது போயிருக்கும், வந்துவிடும்' என்று சொல்லித் தாயைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் எந்த ஸ்டேஷனுக்கும் கிடையாது என்பதுதான். விதி நன்றாகவே இருக்கிறது. அது நிலைப்பது, கேட்பவர்கள் இருக்கிறார்களா என்பதைப் பொறுத்தது. நிதாரியிலும் புளியந்தோப்பிலும் தொலைந்தவை ஏழைகளின் குழந்தைகள் என்பதை மறந்துவிடக் கூடாது. பெரிய மனிதர் வீட்டுப் பிள்ளை தொலைந்தால் கதவுகள் தாமாகவே மூடிக்கொள்ளும். கார்த்திகையின் பிள்ளைக்குத்தான் தெய்வம் வந்து மூட வேண்டியிருக்கிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. அது வாசகர்களாகிய நம்மைப் பற்றியது. தொலைந்துபோன குழந்தை ஆகாயத்தில் கரைந்துவிடுவதில்லை. உயிரோடு இருக்குமானால், அது யாரோ ஒருவர் கண்ணெதிரில்தான் இருக்கிறது. யாரோ வீட்டில் பாத்திரம் துலக்குகிறது, யாரோ கடையில் டம்ளர் கழுவுகிறது, ரயிலடியில் தூங்குகிறது. சிவகாசி வட்டாரத்துக்கு இது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். விடியுமுன்னே பஸ்ஸில் ஏறித் தீப்பெட்டி ஒட்டப் போன சிறுவர் சிறுமியரை ஒரு தலைமுறைக் காலம் ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தக் குழந்தைகள் தொலைந்தவர்கள் இல்லை. அவர்கள் வீடு எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அவர்களைப் பார்த்து, இந்த நேரத்தில் இந்தக் குழந்தை ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்க மறந்த கண்கள்தான், தொலைந்த குழந்தையைப் பார்த்தும் பாராமற் போகின்றன. அந்தக் கேள்வியைக் கேட்க நாம் போலீஸ்காரராக இருக்க வேண்டியதில்லை. கேட்டுவிட்டு 1098 என்ற எண்ணுக்கு ஒரு டெலிபோன் செய்தால் போதும்.

வார்த்திகன் விடுதலையானதும் பாண்டியன் தன் கடமை தீர்ந்தது என்று இருந்திருக்கலாம். கதவுதான் திறந்துவிட்டதே! ஆனால் அவன் மற்றச் சிறைகளையும் திறக்கச் சொன்னான். இன்னொரு வார்த்திகன் அகப்படாமல் இருக்கச் சட்டத்தையே திருத்தி முரசறையச் செய்தான். ஒரு கார்த்திகை அழுதாள் என்றால், சத்தமில்லாமல் அழும் கார்த்திகைகள் இன்னும் இருப்பார்கள் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. நாமும் எல்லாக் குழந்தைகளையும் கண்டுபிடித்துவிட முடியாது. ஆனால் எந்தக் குழந்தையின் பெயரையும் 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்ற இரண்டு வார்த்தைகளுக்குக் கீழே புதைத்துவிட மாட்டோம் என்று சொல்ல முடியும். அந்த வார்த்தைகளை எழுதுகிறவர்கள், 'இன்று வரை' என்ற இரண்டு வார்த்தைகளை முன்னால் சேர்த்து எழுதட்டும். மறுநாள் காலையில் அந்தக் கோப்பை மறுபடியும் எடுத்துப் பார்க்கட்டும்.